கைக்கு விளங்கேல்லை

நெல்லியடிச் சந்தையில் இந்தக் கதை வேறு விதமாக ஓடுகிறது. குகதாசன் வீட்டில் செய்வினை எடுத்தார்களாம், எடுத்தபோது பன்றித்தோல் வந்ததாம், அதைச் செய்வித்தது கூடப்பிறந்த அக்காளாம். மரக்கறிக் கடைகளில் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். குகதாசன் என்னுடைய கடைசித் தம்பி. அந்த அக்காள் கனகாம்பிகை எங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள். எங்கள் பகுதியில் செய்வினை செய்தவரும் இல்லை, செய்வித்தவரும் இல்லை. தோல் வந்தது உண்மை. அது எப்படி வந்தது என்பதை, பிள்ளையிடம் கேட்டு அவள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன்.

பிள்ளை என்றால் குகதாசனின் ஒரே மகள் பிரசாந்தி. மருத்துவபீடத்தில் படிக்கிறாள். கரவெட்டியில் எங்கள் வீடுகள் இருக்கிற ஒழுங்கையிலிருந்து அங்கே போன முதல் பிள்ளை அவள்தான். எழுத்துச் சோதனை எதிலும் அவள் பின்னுக்கு நின்றதில்லை. ஆனால் அங்கே கையால் செய்கிற சோதனை ஒன்றும் இருக்கிறது. மண்டபத்தில் மேசைகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். மேசைக்கு ஒரு வேலை. மணி அடித்தால் அடுத்த மேசைக்குப் போகவேண்டும். ஒரு மேசையில் தோலைப் போலச் செய்த றப்பர்த் துண்டு ஒன்று கீறலோடு கிடக்கும். ஊசியை விரலால் தொடாமல் கருவியால் பிடித்து, கீறலின் இரண்டு கரையையும் சேர்த்துத் தைத்து, நூலை முடிச்சிடவேண்டும். ஆசிரியர் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அசைவுக்கும் புள்ளி போடுவார். பிரசாந்தியின் நூல் கையுறையில் சிக்கிக்கொண்டு நிற்கும்போது மணி அடித்துவிட்டது.

அவள் தவறிவிட்டாள். கந்தசஷ்டி முடிந்த கையோடு இன்னொரு தரம் செய்து காட்டச் சொல்லியிருந்தார்கள். அதிலும் தவறினால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் மேலே போக, அவள் மட்டும் பின்தங்கவேண்டும். பஸ்ஸில் வந்து இறங்கி, தாய் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாள். நான் எழுதுவது அதற்குப் பிறகு நடந்தது. அவள் தவறியது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பராசக்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பியின் மனைவி. பிள்ளை ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதிய வருடம் தொடங்கி அவளைக் கையால் ஒரு வேலை செய்ய விட்டதில்லை. சாப்பிட்ட கோப்பையைத் தாய்தான் எடுப்பாள். மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு போட்டுத்தான் கொடுப்பாள். உயர்தரம் எழுதிய காலத்தில் பிள்ளை இரசாயனவியல் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, இவள் சோற்றைக் குழைத்து வாயில் தீத்திவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஒருமுறை கழன்ற பொத்தானைத் தைக்கப் பிள்ளை ஊசி எடுத்தாள். "ஊசி குத்தினால் பிறகு எழுதேலாது" என்று தாய் பறித்துவிட்டாள். இன்றைக்கும் காலையில் பஸ்ஸுக்குப் போகுமுன் தலையை இழுத்துப் பின்னி விடுவது தாய்தான். இதில் ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கத்தில் படிக்கிற பிள்ளை உள்ள வீடுகளில் எல்லாம் இப்படித்தான்.

ஐப்பசி பிறந்தும் மழை சரியாக இறங்கவில்லை. மூடிக்கொண்டு வரும், இரண்டு துளி போடும், போய்விடும். தம்பி புகையிலை நாற்றுமேடைகளை வெய்யில் ஏறத் தென்னோலைக் கிடுகால் மூடுவதும், முகில் கண்டால் ஓடிப்போய்த் திறப்பதுமாய் அலைந்துகொண்டிருந்தான். அப்படி ஒரு நாள் அவன் வாளியோடு நிற்கும்போது பராசக்தி குப்பைக் கிடங்கடியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சரப்பா, ஒருக்கா வந்து பாருங்கோ. வாழைப்பழத் தோலை ஆரோ தைச்சிருக்கினம்."

"வாழைப்பழத் தோலை ஏனப்பா தைக்கிறது?"

"அதைத்தானே நானும் கேக்கிறன். வெட்டிப்போட்டுத் திருப்பித் தைச்சிருக்கு. கறுத்த நூல்."

"அணில் கிணில் கொறிச்சிருக்கும்."

"அணில் நூல் வைச்சிருக்கோ? வந்து பாருங்கோவன் எண்டால்."

தம்பி வந்து பார்த்தான். பழத்தைக் காணவில்லை. தோல் மட்டும், குறுக்கே கீறி, கீறல் நெடுகத் தைத்துக் கிடந்தது. ஒன்றல்ல, ஒரு குவியல். அவன் காலால் தள்ளி மண்ணைப் போட்டுவிட்டு நாற்றுமேடைக்குப் போய்விட்டான். அவனுக்கு அன்றைக்கு மழைதான் கவலை.

பராசக்திக்கு அது மறக்கவில்லை. வீட்டைக் கூட்டும்போது குனிந்து குனிந்து பார்க்கத் தொடங்கினாள். விறாந்தைச் சாய்வுக்கதிரையின் காலில் கறுத்த நூல். பிள்ளையின் அறை யன்னல் கம்பியில் கறுத்த நூல். கட்டில் காலில், மேசையின் இழுப்பு லாச்சியின் பிடியில், எல்லாவற்றிலும் முடிச்சுக்கு மேல் முடிச்சு. அன்றைக்குத்தான் எனக்கு ஆள் அனுப்பினாள்.

நான் போனபோது அவள் கும்பிடுகிற சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றி வைத்துவிட்டு நின்றாள்.

"அத்தான், நீங்கள் பெரியாள். இதைப் பாத்துச் சொல்லுங்கோ. இது நல்லதுக்கோ?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கதிரைக் காலில் இருந்த முடிச்சுகள் கோணலாய்த் தளர்ந்து கிடந்தன. யன்னல் கம்பியில் இருந்தவை இறுகி, ஒன்றைப் போல ஒன்று வரிசையாய் இருந்தன. கட்டின ஆளுக்குப் போகப்போகக் கை தேறியிருக்கிறது என்று தோன்றியது. யார், எதற்கு என்று ஒன்றும் தோன்றவில்லை.

"பிள்ளையிட்டைக் கேட்டியோ?" என்றேன்.

"என்ன அத்தான் சொல்லுறியள்? படிக்கிற பிள்ளையை உதுக்குள்ளை இழுக்கிறதோ? என்னவோ சோதினை வருகுதாம். முகமும் வாடிப்போய்த் திரியுது. சாப்பாடும் இறங்கேல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு."

"அவள் இருக்கிற அறைதானே?"

"அவளின்ரை அறை எண்டபடியாத்தான் சொல்லுறன். அவளுக்குத்தான் செய்திருக்கினம்."

தம்பி வாசலில் நின்று காலில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினான். "ஆரப்பா செய்யப் போகினம்?"

பராசக்தி வேலிப் பக்கம் பார்த்தாள்.

அந்த வேலிக்கு அப்பால்தான் கனகாம்பிகையின் வீடு. இடையில் ஒரு பொட்டு உண்டு. ஆள் குனிந்து போய்வரக் கதியால்களுக்கு நடுவில் விட்ட சின்ன வழி. உப்பு முடிந்தாலும் அதால்தான், காய்ச்சல் வந்தாலும் அதால்தான். தங்கச்சியின் மகன் கஜானன் மருத்துவத்துக்கு மூன்று தரம் சோதனை எடுத்தும் கிடைக்காமல், இப்போது வவுனியாவில் வங்கி ஒன்றில் வேலை செய்கிறான். பராசக்தி வேலியைப் பார்த்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

அடுத்த நாள் பொட்டைக் கிடுகு வைத்து வரிந்து கட்டிவிட்டாள்.

நான் தங்கச்சி வீட்டுக்கு றோட்டால் சுற்றிப் போனேன். அவள் மாட்டுக்கொட்டிலில் பால் கறந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டும் எழும்பவில்லை.

"என்ன பெரியண்ணை, றோட்டாலை வாறியள்? பொட்டுக் குறுக்குவழியெல்லோ?"

"அடைச்சுக் கிடக்கு."

"பாத்தன், பாத்தன். மாடு பூருதெண்டு அடைச்சிருக்கினமாக்கும். ரெண்டு வளவுக்கும் மாடு ஒண்டுதான். அது இந்தா, கட்டையிலை நிக்குது."

"நீ பாலைக் கற."

"கறந்துகொண்டுதானே கதைக்கிறன். என்னவாம் உங்கடை தம்பி பெண்சாதி?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லாமலே அடைக்கினம். சொன்னால் கிணத்தையும் மூடுவினமோ?" செம்பைக் கீழே வைத்தாள். "பெரியண்ணை, அந்தப் பெட்டை பிறந்த அண்டு ஆஸ்பத்திரியிலை முதல் தூக்கினது நான். என்ரை பிள்ளைக்குக் கிடைக்கேல்லை எண்டு நான் அழுதது உண்மை. அழுதிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, உவளுக்குக் கிடைச்ச அண்டைக்குக் கற்கண்டு குடுத்ததும் நான்தான். நீங்கள் என்னட்டை என்ன கேக்க வந்தனீங்கள்?"

நான் கேட்கவில்லை. கேட்டால் கேட்டது நிலைத்துவிடும். கூடப்பிறந்தவளிடம் அப்படி ஒரு கேள்வியைக் கேட்ட வாயோடு பிறகு ஊரில் நடமாட முடியாது. அவள் தந்த பால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பினேன். ஆனால் நூல் யார் கட்டியது என்பதும் எனக்கு விளங்கவில்லை. தங்கச்சி செய்யமாட்டாள். பராசக்தி பொய் சொல்லமாட்டாள். முடிச்சுகளை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். வழிநெடுக இந்த மூன்றையும் மாறி மாறி யோசித்துக்கொண்டு வந்தேன்.

கந்தசஷ்டி தொடங்கியது. பராசக்தி ஆறு நாளும் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல், பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும் மட்டும் எடுப்பவள். அந்த நாட்களில் குசினிக்குள் வெங்காயம்கூடப் போகாது. மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் அந்த வளவுக்குள் எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

நாலாம் நாள் பின்னேரம், அவள் முழுகிவிட்டு ஈரச் சீலையோடு கிணற்றடியால் வரும்போது, புகையிலை உலர்த்துகிற குடிலுக்குள்ளிருந்து நாய் எதையோ கவ்விக்கொண்டு ஓடி வந்தது. அந்தக் குடில் மாசி, பங்குனி வரை ஆளில்லாமல் கிடக்கும். நாய் கவ்வி வந்ததை முற்றத்தில் போட்டது. உள்ளங்கை அகலத் தோல். மயிர் வழித்து, வெள்ளையாய், தடிப்பாய், கீறி, கறுத்த நூலால் நெருக்கித் தைத்த தோல்.

அவள் போட்ட சத்தத்தில் தம்பி தோட்டத்திலிருந்து ஓடி வந்தான். நானும் போனேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, அதை வாளியால் மூடிவைத்துவிட்டு, துன்னாலையிலிருந்து தம்பிராசாப் பூசாரியாரைக் கூப்பிட்டார்கள். எனக்கு இந்த வேலையில் சம்மதமில்லை என்று சொன்னேன். "அப்ப நீங்கள் சொல்லுங்கோ அத்தான், உது என்ன?" என்று பராசக்தி கேட்டாள்.

பூசாரியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கொளுவிவிட்டு, திருநீற்றைப் பூசிக்கொண்டு, வாளியைத் தூக்கிப் பார்த்தார்.

"பன்றி" என்றார்.

"முருகா!" என்று பராசக்தி தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"தையலைப் பாருங்கோ. ஒரே அளவு, ஒரே இடைவெளி. இது சும்மா ஆள் போட்ட தையல் இல்லை. நல்லாப் பழகின கை." பூசாரியார் தோலை வாழையிலையில் எடுத்து வைத்து, தேசிக்காயை வெட்டி நாலு பக்கமும் வைத்தார். "கழிச்சு எரிச்சுப்போட வேணும். கற்பூரம் கொண்டாங்கோ."

கற்பூரத்தைக் கொளுத்தும்போதுதான் படலை திறந்தது. பிரசாந்தி பையோடு வந்தாள். முற்றத்தில் நின்ற எங்களையும், வாழையிலையில் கிடந்த தோலையும் கண்டவுடன் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஐயோ, அதை எரிக்காதேங்கோ! அது என்ரை!"

"ஓம் பிள்ளை, உனக்குச் செய்ததுதான். கிட்ட வராதை" என்று தாய் குறுக்கே விழுந்தாள்.

"எனக்குச் செய்ததில்லை அம்மா. நான் செய்தது."

பூசாரியாரின் கையில் கற்பூரம் எரிந்து சுட்டிருக்கவேண்டும், உதறிவிட்டார்.

"நீயோ?" என்றாள் பராசக்தி. "ஆருக்கு?"

"ஆருக்குமில்லை. ஒவ்வொருநாளும் செய்து பாக்கிறனான்."

"ஒவ்வொருநாளுமோ!"

தம்பி முன்னுக்கு வந்தான். அவன் மகளை அதட்டி நான் கேட்டதில்லை. "ஆர் பிள்ளை அந்தப் பெடியன்? உள்ளதைச் சொல்லு. பெரியப்பாவுக்கு முன்னாலை சொல்லு."

"எந்தப் பெடியன் அப்பா?"

"வசியமெண்டால் பன்றித்தோல் எடுக்கிறேல்லைத் தம்பி" என்றார் பூசாரியார், தொழில் தெரிந்தவராக. "அதுக்கு வேறை முறை."

"பேசாமல் இரும் ஐயா!" என்று நான் சத்தம் போட்டேன். பிறகு பிள்ளையைப் பார்த்து, "நீ இஞ்சை வா. இதிலை இரு. முதலிலை இருந்து சொல்லு" என்றேன்.

அவள் விறாந்தைப் படியில் இருந்தாள். சொன்னாள். மேசைகள், மணி, றப்பர்த் தோல், கையுறையில் சிக்கின நூல். வாழைப்பழத் தோலில் பழகியது. அது கிழிந்துபோக, கூடப் படிக்கிற கிறிஸ்ரினா குருநகரிலிருந்து பன்றித்தோல் கொண்டுவந்து தந்தது. கதிரைக் காலிலும் யன்னலிலும் முடிச்சுப் பழகியது. விரத வீட்டுக்குள் கொண்டுவரப் பயந்து குடிலுக்குள் வைத்துத் தைத்தது.

தம்பி கேட்டான். "பெயிலோ?"

"ஓம் அப்பா."

"நீயோ?"

"ஓம்."

"எழுத்திலையோ?"

"எழுத்திலை நான்தான் முதலாவது. இது கையாலை செய்யிறது."

"கையாலை செய்யிறதுக்கு நேர்ஸ்மார் இருக்கினம்தானே?" என்றாள் பராசக்தி. "நாங்கள் உன்னை டொக்டருக்கெல்லோ விட்டனாங்கள்?"

"தைக்கிறதும் டொக்டர்தான் அம்மா."

"உனக்குத் தெரியாததோ? நீ படிக்காததோ?"

"எனக்கு விளங்கினது அம்மா. எத்தினையாம் பக்கத்திலை இருக்கு, படம் எந்த மூலையிலை இருக்கெண்டும் தெரியும். கண்ணை மூடினால் முழுக்கத் தெரியுது." இரண்டு கையையும் மடியில் மலர்த்தி வைத்துப் பார்த்தாள். "கைக்கு விளங்கேல்லை."

அப்போதுதான் அழுதாள். தாய் பக்கத்தில் போகவில்லை. போகத் தெரியாமல் நின்றாள் என்றுதான் எனக்குப் பட்டது.

"உங்கடை ரீச்சர் ஏசினவவோ?" என்று கேட்டேன்.

"சுவர்ணா மிஸ் ஏசேல்லைப் பெரியப்பா. வீட்டிலை என்ன வேலை செய்யிறனீர் எண்டு கேட்டவ. ஒண்டும் செய்யிறேல்லை எண்டன். காய் வெட்டுவீரோ எண்டு கேட்டவ. இல்லையெண்டன். தலையாவது நீரே பின்னுவீரோ எண்டு கேட்டவ." மூக்கை உறிஞ்சினாள். "அப்ப உம்முடைய கைக்கு இனித்தான் பள்ளிக்கூடம் எண்டு சொன்னவ. யோசிக்காமல் வருமட்டும் ஒவ்வொருநாளும் செய்யச் சொன்னவ."

பராசக்தி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "அப்ப நான் செய்ததோ பிழை?" என்றாள். "கோப்பை எடுத்தது பிழையோ? தலை பின்னினது பிழையோ? அதுகளைச் செய்யாமல் விட்டிருந்தால் இவள் அங்கை போயிருப்பாளோ? ஆராவது சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

அந்த நேரம் வேலியில் கிடுகு கிழிகிற சத்தம் கேட்டது. கனகாம்பிகை பொட்டை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

"செய்வினைக்காறி வந்திருக்கிறன்" என்றாள். "தேசிக்காயை என்ரை தலையிலை உருட்டிப் பாக்கப் போறியளோ, பூசாரியார்?"

பூசாரியார் சாமானை அடுக்கத் தொடங்கினார்.

"மச்சாள்..." என்றாள் பராசக்தி.

"கதையாதை. பொட்டை என்ன வடிவாக் கட்டியிருக்கிறாய்! பிய்க்கிறதுக்கு எனக்கு நகம் போச்சுது. அந்தக் கட்டுக் கட்டுறதை உன்ரை பிள்ளைக்குக் காட்டிக் குடுத்திருக்கலாமெல்லோ?" பிறகு பிள்ளையின் முன்னால் குந்தினாள். "உன்ரை சோதினை எப்ப?"

"சூரன்போர் முடிஞ்சு, பாறணைக்கு அடுத்தநாள், மாமி."

"விரத வீட்டுக்குள்ளை தோல் வேண்டாம். என்ரை மாட்டுக்கொட்டிலுக்கு வா. எனக்குச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறன், இந்த முறை விரதமில்லை. அந்த வேதக்காறப் பெட்டை கிறிஸ்ரினாவையும் வரச்சொல்லு. பன்றியோ கின்றியோ, கொண்டாங்கோ. பேந்து நான் கழுவுறன்."

பூசாரியார் படலையடியில் நின்று என்னைக் கேட்டார்: "ஐயா, ஆரும் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"ஒண்டும் சொல்லாதையும்."

"கழிப்புக் கழிச்சாச்செண்டு சொல்லுறன். உங்களுக்கும் மரியாதை."

தம்பி என் காதடியில், "பிள்ளை பெயிலெண்டு கதை போறதிலும் அது பரவாயில்லைப் பெரியண்ணை" என்றான். நான் அதற்கு உடன்படவில்லை. அக்காளின் பெயரை விற்று மகளின் பெயரை வாங்குவதா என்று திரும்பி அவனைக் கேட்டு முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டிவிட்டது. சந்தைக் கதை அங்கேதான் பிறந்தது.

மிச்ச நாட்களில் மழையும் வந்துவிட்டது. கொட்டில் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுக, கனகாம்பிகை மாட்டை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, பழைய மேசை ஒன்றை இழுத்துப் போட்டாள். கிறிஸ்ரினா ஸ்கூட்டியில் மழையங்கியோடு வந்தாள். பரபரத்த பெட்டை, வாய் ஓயாது. இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு எதிரெதிரே நின்று தைத்தார்கள்.

"ஊசி சரிவாப் போகுது, பிரசாந்தி. நேரா இறக்கு. மணிக்கட்டைத் திருப்பு, தோள்மூட்டைத் திருப்பாதை. எருமை உழுற மாதிரி நிக்கிறாய்."

"நீ மணி அடிக்கிறியோ, வாய் அடிக்கிறியோ?"

"ரெண்டும்தான்." கிறிஸ்ரினா செம்பில் கரண்டியால் தட்டினாள். "முடிஞ்சுது! அடுத்த மேசை! மாமி, நீங்கள்தான் அடுத்த மேசை."

"என்னை என்னடி செய்யப் போறியள்?"

"பிறஷர் பாக்கப் போறம்."

பராசக்தி விரதக்காரி. தோல் கிடக்கிற இடத்துக்கு வரமாட்டாள். பொட்டடியில், கதியாலைப் பிடித்துக்கொண்டு, தலையில் சீலைத் தலைப்பைப் போட்டு மழைக்குள் நிற்பாள். "முடிஞ்சுதோ?" என்பாள். "இல்லையணை" என்று இங்கிருந்து கனகாம்பிகை சொல்லுவாள். கொஞ்சம் கழித்துத் திரும்பவும், "முடிஞ்சுதோ?" பிள்ளையின் நூல் அறுந்தால் அங்கே அவளுடைய விரல்கள் அசையும். நான் பார்த்தேன்.

பாறணையன்று விடியக் குசினியில் அவள் காய் வெட்டுகிற அரிவாளையும் பூசணிக்காயையும் மகளுக்கு முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பிள்ளை வெட்டியதில் ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு பொடி. கறியில் பாதி கரைந்தும் பாதி வேகாமலும் கிடந்தது. ஆறு நாள் விரதம் முறிக்கிற சாப்பாடு அது. வாழையிலையில் எங்கள் எல்லாருக்கும் போட்டாள். கனகாம்பிகையும் இருந்தாள். தம்பி வேகாத துண்டு ஒன்றைக் கன நேரம் சப்பினான்.

"கறி நல்லாயிருக்கு" என்றான்.

"ஓம், பல்லுக்கு நல்ல பயிற்சி" என்றாள் தங்கச்சி. பிள்ளை சிரித்தாள். அந்த மாதம் அவள் சிரித்து அன்றைக்குத்தான் கண்டேன்.

மறுநாள் விடிய நான் போனபோது பிரசாந்தி கண்ணாடிக்கு முன்னால் நின்று தானே தலை பின்னிக்கொண்டிருந்தாள். கை பின்னுக்குப் போய்ப் பிடிபடாமல் முன்னுக்கு வந்தது. மூன்று பிரியில் ஒன்று நழுவியது. அவிழ்த்தாள், திரும்பத் தொடங்கினாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பராசக்தி கட்டில் விளிம்பில் இருந்தாள். இரண்டு கையையும் சீலைத் தலைப்புக்குள் சுற்றி மடியில் இறுக்கி வைத்திருந்தாள். கடைசியில் பின்னல் ஒரு தோள் பக்கம் சரிந்து, நடுவில் புடைத்துக்கொண்டு நின்றது. அதோடுதான் பிள்ளை ஒழுங்கையில் இறங்கிப் போனாள். எதிரே வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை.

பகல் முழுக்கத் தொலைபேசி வரவில்லை. தம்பி நாற்றுமேடையில் தண்ணீர் நிற்கிறதென்று வாய்க்கால் வெட்டினான். வெட்டின வாய்க்காலையே திரும்ப வெட்டினான். பின்னேரம் பஸ் வந்து போகிற சத்தம் கேட்டு நாங்கள் முற்றத்துக்கு வர, கனகாம்பிகையும் பொட்டால் வந்துவிட்டாள்.

பிரசாந்தி படலையைத் திறந்தாள். பராசக்தி படலையடிக்குப் போனாள்.

"சாப்பிட்டியோ?" என்றாள்.

"ஓம் அம்மா. கட்டு நிண்டுட்டுது."

"நிண்டுட்டுதோ? அப்பிடியெண்டால்?"

"மிஸ் இழுத்துப் பாத்தவ. அவிழேல்லை. பாஸ்."

தம்பி மண்வெட்டியை மதிலில் சாய்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். கன நேரம் கழுவினான். கனகாம்பிகை, "முதலாவதோ?" என்று கேட்டாள். "இல்லை மாமி, மட்டுமட்டு" என்றாள் பிள்ளை. "மட்டுமட்டு எண்டாலும் பாஸ்தானே, எல்லாத்திலையும் முதலாவதா வரவேணுமோ" என்று தங்கச்சி அடுத்த வீட்டுக்கும் கேட்கச் சொன்னாள்.

பிரசாந்தி உள்ளே போய்ச் சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள். காலையில் போட்ட பின்னல் பஸ் காற்றில் பாதி அவிழ்ந்து, பாதி இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. சீப்பைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல முன்னால் முதுகைக் காட்டிக் கீழே இருந்தாள்.

பராசக்தி சீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருமுறை தலைக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு எடுத்தாள்.

"நான் பின்னுறதோ?" என்று என்னைக் கேட்டாள். "என்ன அத்தான், நான் பின்னலாமோ?"